சுண்ணாம்பிட்ட சோளம்

மெக்சிகோ நாட்டின் வாஹாக்கா நகரை அடுத்த ஒரு பங்கில் 2012ஆம் ஆண்டு மூன்று திங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பங்கு இல்லத்தில் சமைத்துவந்த மூதாட்டி என்னைப் ‘பாத்ரேசீத்தோ’ என்பார். ‘சின்னச் சாமி’ என்று நாம் பொருள் கொள்ளலாம். நாற்பது கடந்து, தொந்தியும் விழுந்திருந்த என்னை அவ்விதம் அழைப்பதில் அவருக்கு ஒரு குறும்பு.

அந்நாட்டவரின் அன்றாட உணவு டோர்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டி. மாலைதோறும் அம்மூதாட்டி ஒரு கிலோ உலர்ந்த சோளத்தை 3 லிட்டர் நீரிலிட்டு, சமையலுக்கென்று விற்கும் நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம் கரைத்து அடுப்பிலேற்றுவார். முக்கால் மணி நேரத்திற்குள் மணியின் தோல் மஞ்சளித்து, விரலால் தேய்த்தால் கழன்றுவிடும். இறக்கி மூடிவைத்து, மறுநாட்காலை கழுவி அரைப்பார்.

சுண்ணாம்பை உணவில் சேர்ப்பது எனக்கு அருவருப்பாகவே இருந்தது. குருமடத்தில் தருக்கம் பயின்றவன் அல்லவா! தோலை நீக்கத்தானே சுண்ணாம்பு. தோலைக் கையால் நீக்கினால் அது எதற்கு என்று முடிவுகட்டினேன். அவர் ஊருக்குச் சென்றிருந்த ஒருநாள், வெறும் நீரில் சோளத்தை வேகவைத்து, அரும்பாடுபட்டுத் தோலுரித்து அரைத்தேன். மாவு ஒட்டவில்லை. தட்டினால் ஓரம் வெடித்தது; கல்லிலிட்டுத் திருப்பினால் துண்டு துண்டாயிற்று. திரும்பிவந்த மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வழித்துக் கோழிகளுக்கு இட்டார். அந்த மௌனந்தான் என்னைச் சுட்டது.

பிறகுதான் நூல்களைத் தேடினேன். சுண்ணாம்பு நீர் சோளத் தோலைக் கரைத்துப் பசையாக்குவதனாலேயே மாவு கூடிவருகிறது. அதனினும் பெரிது மற்றொன்று. சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டாதவாறு கட்டுண்டு கிடக்கிறது. காரநீரில் வேகும்போது அக்கட்டு அவிழ்கிறது. ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். சுண்ணாம்பை இங்கேயே விட்டுச் சென்றனர். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருகி வெடித்து, வயிறு கெட்டு, சித்தமும் கலங்கும் நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதனைக் கண்டு எழுதினார். வட இத்தாலியில் சோளக்களி உண்ட உழவரிடையே அது பரவியது. 1771இல் பிராப்பொல்லி என்பவர் இட்ட ‘பெலாக்ரா’ என்ற பெயரே இன்றும் நிலைத்துள்ளது. ரோமையில் படித்த காலத்தில் அக்களியை நான் விரும்பி உண்டிருக்கிறேன்; இதையெல்லாம் அன்று அறிந்தேனில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் ஆயிரமாயிரம் பேர் இந்நோயால் மடிந்தனர். கிருமியன்று, உணவுக் குறையே காரணம் என 1914 முதல் ஆராய்ந்து நிறுவியவர் கோல்ட்பெர்கர். நியாசினே மருந்தென்பது 1937இல்தான் தெரிந்தது.

மெக்சிகோவின் பெண்களிடமோ அடுக்களையிலேயே விடை இருந்தது. 1529இல் அங்கு வந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தே சகாகுன், நாவாட்ல் மொழியைக் கற்று, சந்தையில் டோர்ட்டியா விற்பவர், சாறு விற்பவர் வரை எழுதிவைத்தார். நல்ல விற்பனையாளர் யார், கெட்டவர் யார் என்றும் பிரித்துக் குறித்திருக்கிறார்.

மறுவாரம் மூதாட்டி என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். எலுமிச்சையினும் சிறிய உருண்டையை இரு தாள்களுக்கிடையே வைத்து அழுத்த வேண்டும். மண் கல்லில் மாவு ஒட்டாதிருக்க, கல்லுக்கும் சுண்ணாம்பு நீர்தான் பூசுகிறார்கள்! ஓரம் கிளம்பியதும் ஒரு திருப்பு. அடிப்பக்கம் வெந்ததும் மறு திருப்பு. இலேசாக அமுக்கினால் பூரிபோல் உப்பும். உடனே துணியில் சுற்றிவிட வேண்டும், இல்லையேல் விறைத்துவிடும்.

சல்சாவுக்குத் ‘தொமாத்தியோ’ என்ற பச்சைக் காயை எடுத்தார். காகிதம் போன்ற உறை போர்த்த அக்காய், நம் வயலோரத்துச் சொடக்குத் தக்காளியின் இனம். அதனுடன் பச்சைமிளகாய், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றைக் கல்லிலே கருக வாட்டி, உப்புச் சேர்த்து, மூன்று கால் கொண்ட கல்லுரலில் கரகரப்பாக இடித்து, கொத்தமல்லித் தழை தூவினார். சூடான டோர்ட்டியாவில் வேகவைத்த அவரை விதைகளையோ இறைச்சியையோ வைத்து, இச்சல்சாவை ஊற்றி மடித்தால் அதுவே டாக்கோ. பொரித்து மொறுமொறுப்பாக்கிய ஓட்டில் நிரப்பித் தருவது அமெரிக்க வழக்கம். அதைப் பற்றிக் கேட்டபோது மூதாட்டி உதட்டைப் பிதுக்கினார்.

விடைபெறும் நாளில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பைக் கையில் தந்தார். எங்கள் ஊரிலும் இது உண்டு, என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் எப்போதும் இருக்கும் என்றேன். இலையில் தடவி மெல்வதா என்று சிரித்தவர், சட்டென்று முகம் மாறி, அப்படியானால் உங்கள் மக்கள் சோளத்தை எப்படித்தான் உண்கிறார்கள் என்று கேட்டார். எங்களுக்குச் சோறுதான் முக்கியம், இளங்கதிரை மட்டும் தணலில் வாட்டித் தின்போம் என்றேன். “அப்படியென்றால் பாதகமில்லை, பாத்ரேசீத்தோ” என்று சொல்லிப் பொட்டலத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்.