ஒரே சுருள், இரு வேலை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பியூனா பார்க் நகரில் உள்ளது நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் கேளிக்கைப் பூங்கா. அங்கே 1975இல் "கார்க்ஸ்குரூ" என்ற ரோலர் கோஸ்டர் ஓடத் தொடங்கியது. அமர்ந்தோரை அது இருமுறை தலைகீழாகச் சுழற்றியது. வேகமும் வளைவும் உடலை இருக்கையோடு அழுத்த, தோள்பிடி காத்து நின்றது. 1990இல் அது ஐடஹோ மாநிலத்துச் சில்வர்வுட் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது.

அப்பெயர் எதனுடையது, அறிவீர்களா? மதுப்புட்டியின் தக்கையைத் துளைத்திழுக்கும் திருகினுடையது! 1795இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் ஹென்ஷால் என்னும் பாதிரியார்.

சுருள் ஒன்றே. ஒன்று உடலைக் கவிழ்த்துப் பத்திரமாய் இறக்கிவிடுகிறது. மற்றொன்று அறிவைக் கவிழ்ப்பதற்கு வழி திறக்கிறது. குற்றம் இரும்பில் இல்லை. அதைத் திருகும் கையின் நாட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.