சென்னையின்: பெரியமேடு வரை ஒரு பயணம்

இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்துத் தொடரில் 2014 முதல் ஆடிவரும் சென்னை அணியின் பெயர், இலக்கணம் படித்தவர் காதில் சற்றே நெருடக்கூடியது. ‘சென்னையின் எஃப்சி’ என்பதில் உள்ள முதற்சொல் ஆறாம் வேற்றுமைப் பொருளில், அதாவது உடைமைப் பொருளில், நிற்கிறது. நன்னூல் அவ்வேற்றுமைக்கு அது, ஆது, அ என்பவற்றையே உருபுகளாகச் சொல்ல, இன்றைய உரைநடையில் ‘இன்’ என்னும் சாரியையே பெரும்பாலும் அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. ‘சென்னையின் கடற்கரை’ என்றாலோ ‘சென்னையின் வெயில்’ என்றாலோ தொடர் நிறைவுபெறுகிறது. ‘சென்னையின்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறார். கால்பந்துக் கழகத்தைக் குறிக்கும் ‘எஃப்சி’ அந்த இடத்தை நிரப்புகிறது என்று வாதிடலாம் என்றாலும், ஒரு நகரம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அங்கே ஒரு கழகம் எப்படி உருவாகிறது என்பது இரண்டெழுத்துச் சுருக்கத்தில் அடங்கும் செய்தி அன்று. தென்சென்னையிலிருந்து பெரியமேட்டுக்குப் போட்டி பார்க்கச் செல்கிறவருக்கு அந்தக் கதையின் துண்டுகள் வழியிலேயே கிடைக்கத் தொடங்குகின்றன.

அடையாற்றுக்காரர் கஸ்தூரிபா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்துப் பூங்கா நகரில் இறங்குவார். தியாகராய நகர்க்காரர் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரை அடுத்த பூங்கா நிலையத்தில் இறங்குவார். மயிலாப்பூர்க்காரருக்குத் திருமயிலை நிலையம். பறக்கும் ரயில் என்று மக்கள் சொல்வது தூண்களின் மேல் ஓடும் உயர்மட்ட ரயில் பாதையை. 1995-ல் சேப்பாக்கம் வரையிலும் 1997-ல் திருமயிலை வரையிலும் வந்த அது, 2004-ல் திருவான்மியூரையும் 2007-ல் வேளச்சேரியையும் எட்டியது. பக்கிங்ஹாம் கால்வாயின் போக்கையே பெரிதும் ஒட்டிச் செல்லும் அப்பாதையின் நிலையங்கள் தேவைக்கு மிஞ்சிய பருமன் கொண்ட காங்கிரீட் மண்டபங்கள். திருமயிலையில் படியேறி நடைமேடைக்கு வருவதற்குள், ஒரு சிற்றூரின் சந்தையையே நடத்தக்கூடிய வெற்றுத் தளங்களைக் கடந்து வரவேண்டும். மேலே நின்றால் கீழே கால்வாயின் கறுத்த நீரும் எதிரே வீட்டு மொட்டைமாடிகளில் காயும் துணிகளும் தெரிகின்றன.

மயிலாப்பூர் அடிப்படையில் கிரிக்கெட்டின் ஊர். லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, வெள்ளையர் சங்கங்களுக்கு எதிரே இந்தியர் ஆடுவதற்கு ஓர் இடத்தை அமைத்துக்கொடுத்ததிலிருந்து, அந்த ஆட்டம் இப்பகுதிகளின் நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு குடும்பப் பழக்கமாகவே ஊறிவிட்டது. கால்பந்து இங்கே இல்லாமல் போகவில்லை. சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளை ஒட்டிய மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து உதைப்பதை மாலைகளில் காணலாம். ஆனால் ரயில் தானே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: சேப்பாக்கத்தில் கதவருகே நிற்பவர் கண்ணுக்கு எதிரே சிதம்பரம் கிரிக்கெட் அரங்கம் எழுந்து நிற்க, கால்பந்துக்குப் போகிறவரோ சிந்தாதிரிப்பேட்டையையும் கடந்து பூங்கா நகரில் இறங்கி, ரிப்பன் மாளிகையையும் விக்டோரியா ஹாலையும் தாண்டி, கொஞ்ச தூரம் நடக்கவேண்டியிருக்கிறது.

ராஜா முத்தையா சாலையில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தின் மண்ணிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைய அரங்கம் 1993-ல் எழுந்தது; அதற்கு முன் அங்கே இருந்த மாநகராட்சி அரங்கத்தில் 1956 முதல் 1965 வரை ஒன்பது கிரிக்கெட் டெஸ்ட் போட்டிகள் நடந்தன. நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாகச் சேர்ந்து 413 ரன் எடுத்து, 2008 வரை முறியாத உலக சாதனை படைத்ததும் 1956-ல் இங்கேதான். ஆக, சென்னையில் கால்பந்துக்கென்று சொல்லப்படும் இடமும் கிரிக்கெட் ஆடிவிட்டுப் போன இடமே. புதிய அரங்கத்தைத் தடகளத்துக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், 1995-ல் தெற்காசிய விளையாட்டுகளை நடத்தவும் அது உதவியது. அதன் விலையைக் கால்பந்து ரசிகர் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்: இருக்கைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஓட்டப்பாதை அகலமாகப் படுத்திருப்பதால், கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு எதிர்ப்பக்கத்துக் கோல் ஒரு வதந்தியைப் போலத்தான் வந்து சேர்கிறது; அங்குள்ளவர்கள் எழுந்து கத்திய பிறகே இங்குள்ளவர்கள் எழுகிறார்கள்.

கழகம் பிறந்த கதை அதன் பெயரைவிட விசித்திரமானது. இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணியை நடத்தும் உரிமையை நகரவாரியாக ஏலம்போட்டு விற்றார்கள்; இத்தகைய உரிம முறையில் கழகம் முதலில் காகிதத்தில் பிறந்து, அதன் பிறகே ஆட்டக்காரர்களையும் ரசிகர்களையும் தேடிக்கொள்கிறது. 2014 ஏப்ரலில் நடந்த ஏலத்தில் சென்னைக்கு அணி இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் குழுமம் பெங்களூரு அணியை வாங்கியிருந்தது. அக்குழுமம் பின்னர் விலகிக்கொள்ளவே, காலியான இடம் சென்னைக்கு வந்தது. நடிகர் அபிஷேக் பச்சனும் தொழிலதிபர் வீட்டா தானியும் உரிமையாளர்களாக, ஆகஸ்டு 28 அன்று கழகம் அறிவிக்கப்பட்டது. பின்னர் மகேந்திர சிங் தோனியும் சேர்ந்துகொண்டார். பம்பாய் நடிகரும் ராஞ்சிக் கிரிக்கெட் வீரரும் சேர்ந்த முதலீட்டுக்கு உள்ளூர்ச் சாயல் கொடுத்தது கழகத்தின் சின்னம்தான். கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, முறுக்கு மீசையோடு, கட்டி முடியாத வீடுகளின் முகப்பில் பூசணிக்காய்க்குத் துணையாகத் தொங்கும் திருஷ்டி பொம்மையின் முகத்தை அதில் பதித்தார்கள். தியாகராய நகரில் பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பும் ஏதாவதொரு தெருவில் நடந்துவிட்டு அரங்கத்துக்கு வருகிறவர், காலையில் சாரத்தில் பார்த்த அதே முகத்தை மாலையில் நீலச் சட்டைகளின் நெஞ்சில் பார்க்கலாம். விளம்பர நிறுவனங்களின் கற்பனையில் சிங்கமும் புலியும் மலிந்த நாட்டில் இது நல்ல தேர்வு என்றே சொல்லவேண்டும். ‘மெரினா மச்சான்ஸ்’ என்ற செல்லப்பெயரைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்வதற்கில்லை.

2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலியின் மார்கோ மடராட்சி முதல் பருவத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பிரேசிலின் இலானோ எட்டு கோல் அடித்து அத்தொடரின் தலைசிறந்த கோலடிப்பாளரானார். அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தும் அரையிறுதியில் கேரளத்திடம் தோற்றது. அடுத்த ஆண்டுதான் நகரத்துக்கும் கழகத்துக்கும் உண்மையான உறவு ஏற்பட்டது எனலாம். 2015-ல் பட்டியலின் அடிமட்டம் வரை சரிந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தபோது, டிசம்பர் முதல் வாரத்தின் பெருமழையில் சென்னையே மூழ்கிக் கிடந்தது. கோட்டூர்புரத்துக்கும் பசுமைவழிச் சாலைக்கும் இடையே பறக்கும் ரயில் கடக்கும் அடையாறு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து கரைமீறி, கரையோரக் குடியிருப்புகளில் முதல் மாடி வரைக்கும் ஏறியது. சொந்த மண்ணில் நடக்கவேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்ற சென்னை, மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கோல் கணக்கில் முந்தியது. டிசம்பர் 20 அன்று கோவாவின் படோர்டா அரங்கத்தில் நடந்த இறுதியாட்டத்தின் 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை பெற்றது. அதன் பிறகு மூன்றே நிமிடங்களில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் கைபட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நிமிடங்களில் கொலம்பியாவின் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அந்தத் தொடரில் அது அவருடைய 13-வது கோல். வீட்டுச் சேற்றை வாரிக்கொட்டி ஒரு மாதம்கூட ஆகாத நகரத்துக்குக் கோப்பை வந்தது.

ஜான் கிரகரியின் பயிற்சியில் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை அதன் சொந்த அரங்கத்திலேயே 3-2 என்று வென்றது இரண்டாவது கோப்பை. அதற்கு முந்தைய அரையிறுதியின் மறு ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராகச் சென்னை அடித்த மூன்று கோல்களில் ஒன்று வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷுடையது. வடசென்னையின் அந்தப் பகுதிக்குக் ‘குட்டி பிரேசில்’ என்று பெயர். 2023-ல் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகரும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான்.

வியாசர்பாடிப் பிள்ளைகள் உரிம லீக் வருவதற்கு முன்பு எங்கே போனார்கள் என்று கேட்டால், விடை அலுவலக வாசல்களில் இருக்கிறது. சென்னை லீக்கில் நெடுங்காலம் கோலோச்சியவை ‘ஆபீஸ் டீம்கள்’: பெரம்பூரில் 1955-ல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், தேனாம்பேட்டையில் உள்ள கணக்காயர் அலுவலகம், வருமான வரித்துறை, ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் தலைமை அலுவலகம் கொண்ட இந்தியன் வங்கி. நன்றாக ஆடுகிறவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தராகவோ தொழிலாளியாகவோ வேலை கிடைக்கும். பந்து உதைப்பதற்குச் சம்பளம் இல்லை, பந்து உதைத்ததால் கிடைத்த வேலைக்குச் சம்பளம். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக்கில் ஆடும் அளவுக்கு உயர்ந்தது. அதன் ஆட்டக்காரர் சபீர் பாஷா பின்னாளில் சென்னையின் எஃப்சியின் பயிற்சிக் குழுவில் முக்கியமானவரானார். பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு நடந்துவந்த மனிதப் பாலம் என்று அவரைச் சொல்லலாம்.

வேலையோடு கட்டிய கழகம் சென்னைக்கே உரியது அன்று. பழைய சோவியத் ஒன்றியத்தின் ஒரு பகுதியாக இருந்த பெலாரஸ் நாட்டில் பல கழகங்களின் பெயரே ஆலைப் பெயர்தான்: சோதினோ நகரத்து டார்பிடோ ராட்சத லாரிகள் செய்யும் பெலாஸ் ஆலையினுடையது, சலிகோர்ஸ்க் நகரத்து ஷக்தியோர் பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்களுடையது, பரிசோவ் நகரத்தின் பாத்தே என்பது அங்குள்ள மோட்டார், டிராக்டர் மின்கருவி ஆலையின் பெயர்ச்சுருக்கம். 1973-ல் தொடங்கி இடையில் மறைந்து 1996-ல் மீண்ட இந்தப் பாத்தே, 2006 முதல் 2018 வரை தொடர்ந்து 13 முறை நாட்டின் பட்டத்தை வென்றதோடு, 2012-ல் பயர்ன் மியூனிக்கையும் 3-1 என்று தோற்கடித்தது. வித்தியாசம் இதுதான்: அங்கே ஆலைக் கழகமே தொழில்முறைக் கழகமாக வளர்ந்து நாட்டின் லீக்கில் மேலே ஏற முடிந்தது. சென்னையில் ஐசிஎஃப் எத்தனை முறை வென்றாலும் சூப்பர் லீக்கின் கதவு அன்று அதற்குத் திறந்திருக்காது. அந்தக் கதவுக்கு உரிமத் தொகை என்ற பூட்டு இருந்தது.

அந்தப் பூட்டை மோதிப் பார்த்தது இன்னொரு சென்னைக் கழகம். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, உள்ளூர் லீக்கில் ஆடிவந்து, பின்னர் பெயர் மாறிய சென்னை சிட்டி எஃப்சி, 2016-17 பருவத்தில் நாட்டின் அன்றைய முதன்மை லீக்கான ஐ-லீக்கில் நுழைந்தது. ஆனால் சென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு பின்னர் தன் சொந்தக்கள ஆட்டங்களைக் கோயம்புத்தூரில் ஆடியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், ஸ்பானிய ஆட்டக்காரர்கள் சிலரோடு உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து, 2018-19 பருவத்தில் அது பட்டம் வென்றது. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் (43-க்கு 42) ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளியது. பெத்ரோ மான்சி மட்டும் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஆனால் பட்டம் வென்றால் மேலே ஏறலாம் என்னும் முறை அப்போது இல்லை. அடுத்த பருவத்திலிருந்து சூப்பர் லீக்கே நாட்டின் முதன்மை லீக் என்று ஆயிற்று. சில பருவங்களுக்குள் சென்னை சிட்டி தேசிய லீக்கிலிருந்தே மறைந்தது. 1946-ல் பிறந்த கழகத்துக்கு நேர்ந்த இந்த முடிவுக்கு மயிலாப்பூரில் பெரிதாக யாரும் துக்கம் கொண்டாடவில்லை, ஏனெனில் பட்டம் வென்ற பருவத்தில்கூட அது அவர்கள் பார்க்கும்படி சென்னையைச் சொந்தக்களமாக வைத்து ஆடவில்லை.

பெரியமேட்டுக் கழகமோ 2020 மார்ச் 14 அன்று மூன்றாவது இறுதியாட்டத்தை ஆடியது. கொரோனா அச்சத்தால் ஆளில்லா அரங்கத்தில், கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது. பத்து நாளில் நாடே முடங்கியது. அந்த இறுதியாட்டத்துக்கு ஐந்து நாள் கழித்துத் தொடங்கிய பெலாரஸ் லீக் மட்டும், ஐரோப்பாவில் மற்ற எல்லா லீக்குகளும் நின்றுபோன பின்பும், பார்வையாளர்களோடு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வேறு கால்பந்தே இல்லாத உலகம் பரிசோவையும் சோதினோவையும் முதன்முறையாக வரைபடத்தில் தேடியது. சூப்பர் லீக்கும் நிற்கக்கூடியதே என்று பிற்பாடு தெரிந்தது: இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் 15 ஆண்டுகளுக்குப் போட்ட வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது.

ஆட்டம் நடக்கும் இரவுகளில் விளக்குகள் அணையத் தொடங்கியதும் கூட்டம் ராஜா முத்தையா சாலை வழியாகச் சென்ட்ரல் பக்கம் இறங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை எட்டியதும் நீலச் சட்டைகள் இரண்டாகப் பிரிகின்றன: ஒரு பாதி புறநகர் ரயில் முனையத்துக்குள் திரும்பி, பேசின் பாலத்தை அடுத்த வியாசர்பாடி ஜீவாவுக்கு வண்டி பார்க்கிறது, மறுபாதி சாலையைக் கடந்து, மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் போகும் கடைசி வண்டிகளில் ஒன்றைப் பிடிக்கப் பூங்கா நகர் நிலையத்தின் படிகளில் ஏறுகிறது.