ஒரு செடிக்கு இரண்டு பெயர்

ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்காக நான் நடத்திய வழக்கு இது. ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு அவர் மருந்துக் கூர்க்கன் பயிரிட்டார். அதன் கிழங்கிலிருந்துதான் ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்கள். காயவைத்த கிழங்கு போய்ச் சேர்ந்ததும், ‘வேறு செடியைக் கலந்துவிட்டார்’ என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. ஒப்பந்தத்தில் இருந்த பெயர் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி. ஆய்வக அறிக்கையில் இருந்தது பிளெக்ட்ராந்தஸ் பார்பேட்டஸ். விவரித்தபடியே சரக்கு இருக்க வேண்டும் என்னும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப் பிரிவு 15தான் எதிர்தரப்பின் பிடி.

எங்கள் பிடி, அப்போது நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் பிரிவு 98. துறைச்சொல்லுக்கும் வட்டாரச் சொல்லுக்கும் பொருள் விளக்கச் சாட்சியம் அளிக்கலாம் என்கிறது அது. தாவரவியல் பேராசிரியர் ஒருவரைச் சாட்சியாக அழைத்தேன்.

கோலியஸ் பேரினத்தை 1790இல் லூரேரோ வகுத்தார். 1962இல் மார்ட்டன் அதைப் பிளெக்ட்ராந்தஸில் சேர்த்தார். வணிகத்தில் பழைய பெயர் நிலைத்தது. ஆய்வகங்கள் புதியதை எழுதின. பெயர் இரண்டானாலும் செடி ஒன்றுதான் என்றார் பேராசிரியர்.

குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் கூர்மையாகவே கேட்டார்: “புதினாவும் இதே குடும்பம்தானே? புதினாவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?”

பேராசிரியர் நிதானமாக விளக்கினார். சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிரிந்த பூ ஆகியவை புதினாக் குடும்பத்தில் பரவலாகக் காணும் அடையாளங்கள். ஆனால் குடும்பத்துக்குள் கிளைகள் உண்டு. புதினா ஒரு கிளை. கூர்க்கன் துளசியின் கிளை. துளசிக் கிளையில் மகரந்தத் தாள்கள் பூவின் கீழுதட்டை ஒட்டி வளைந்திருக்கும். புதினாவில் நிமிர்ந்து நிற்கும். கற்பூரவள்ளியும் சிறுகிழங்கும் கூர்க்கனுக்கு இன்னும் நெருங்கிய உறவு. இருந்தும் அவை தனித்தனி இனங்கள். “உறவு வேறு, ஒன்றாக இருப்பது வேறு. இந்த இரண்டு பெயரும் ஒரே இனத்தைக் குறிப்பவை” என்று முடித்தார்.

நடவுக்கான நுனித்தண்டுகளை அந்த நிறுவனமே கொடுத்ததற்கான ரசீதும் எங்களிடம் இருந்தது. வட்டியுடன் பணம் தரும்படி தீர்ப்பானது.

2019இல் ஆய்வாளர்கள் கோலியஸை மறுபடியும் தனிப் பேரினமாக்கிவிட்டார்கள். அறிவு வளர வளரப் பெயர் மாறுவது இயல்பு. அதற்கான விலையை விவசாயி கொடுக்கலாகாது. ஆகவே மூலிகை ஒப்பந்தம் எழுத வருவோரிடம் வலியுறுத்திச் சொல்கிறேன்: அறிவியல் பெயரோடு அதன் மாற்றுப் பெயர்களையும் ஊர்ப்பெயரையும் எழுதுங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட உலர் மாதிரி ஒன்றையும் ஒப்பந்தத்துடன் சேர்த்து வையுங்கள்.