கல்லைப் பார்த்து உளியை எடு!

செங்கற்பட்டுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா, நேயர்களே? ஊர் நெருங்கும்போது கொளவாய் ஏரி திடீரென்று கண்முன் விரியும். எவ்வளவு பெரிய கவலைக்காரரும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கவலையை மறந்துவிடுவார். நானும் மறந்தேன். ஆனால் ஸ்டேஷனில் இறங்கியதும் ஞாபகம் வந்துவிட்டது. என் கவலை பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது, என் அக்கா பிள்ளையின் உருவத்தில்!

விஷயம் இதுதான். அக்காவுக்குச் சீட்டுப் பணம் முப்பதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருந்தது. மாதா மாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம். பையன் கல்லூரியில் படிக்கிறான். "கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும், படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும்" என்று அம்மாவிடம் மனுப் போட்டிருந்தான். இரண்டில் எதற்கு அதிகமாக ஆகும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? "உன் மாமா பார்த்துச் சொல்லட்டும்" என்று தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

"மாமா, வீட்டில் உட்கார்ந்து பேசினால் புரியாது. மாமல்லபுரத்தில் என் சிநேகிதன் இருக்கிறான். அவன் கார்டு செத்துப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றான் பையன். துக்கம் விசாரிக்கப் போகிற பாவனையில் இருவரும் பஸ் ஏறினோம்.

மூன்று போட்டியாளர்கள்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் திருக்கழுக்குன்றம். ஒரு காலத்தில் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் பறந்து வந்து பிரசாதம் உண்ட மலை. இப்போது அவை வருவதில்லை. மலையை அண்ணாந்து பார்த்தபடி, பையன் சொன்ன பாடத்தைக் கேட்டுக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நடுத்தர விலைக் கார்டுகளில் மூன்று கம்பெனிகள் மோதுகின்றன. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060, 2025 மே மாதம் வந்தது. 8 ஜி.பி. நினைவகம், 145 வாட் மின்சாரம், அறிமுக விலை 299 டாலர். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. அடுத்த மாதமே வந்தது. அதில் இரண்டு வகை: 8 ஜி.பி. 299 டாலர், 16 ஜி.பி. 349 டாலர். பெரியதற்கு 160 வாட். மூன்றாவது இன்டெலின் ஆர்க் பி580. 2024 டிசம்பரில் வந்தது. 12 ஜி.பி., 190 வாட், 249 டாலர்.

டாலர் கணக்கைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நம் ஊர்க் கடைக்கு வருவதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இன்னும் பல செலவுகளும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்று கடையில் கேட்ட விலையில் இன்டெல் முப்பதாயிரத்துக்குள் அடங்கியது. 5060 கொஞ்சம் தாண்டியது. 16 ஜி.பி. எட்டாக் கனி.

"எனக்கு 5060தான் மாமா. காலேஜில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். குறைகிற பணத்தை மாதத் தவணையில் கட்டிவிடலாம்" என்றான்.

மாதத் தவணை யார் கட்டுவது? நான் வாயைத் திறக்கவில்லை.

மலையில் ஆயிரம் உளி

2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்த ஊர் மாமல்லபுரம். விளையாட்டைப் பற்றி நியாயம் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நின்றோம். தொண்ணூறு அடிக்கு மேல் நீளமுள்ள பாறை. தேவர்களும் யானைகளும் நாகர்களும், தவம் செய்கிற பூனையும்கூட அதில் உண்டு.

"இதை ஒரே சிற்பி செதுக்கியிருந்தால் எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் மாமா? கம்ப்யூட்டரின் பிராசஸர் ஸ்தபதி மாதிரி. கெட்டிக்காரர், ஆனால் ஒருவர். கிராபிக்ஸ் கார்டு என்பது சின்னச் சின்ன வேலையை ஒரே சமயத்தில் செய்கிற உளிக்காரர் கூட்டம். 5060-இல் மட்டும் 3,840 பேர்!"

நன்றாகத்தான் சொன்னான். அவன் வீட்டுத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெருக்கினால் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளி. விளையாட்டு தடங்கலின்றி ஓட, விநாடிக்கு 60 படமாவது வேண்டும். அதாவது விநாடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல்! ஒற்றை ஸ்தபதியால் ஆகிற காரியமா இது?

நினைவகம் என்பது அந்த உளிக்காரர்களின் பட்டறை. கல் முழுவதும் பட்டறைக்குள் இருந்தால் வேலை நடக்கும். இடம் போதாவிட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் குவாரிக்கு வண்டி ஓட்ட வேண்டும். உளிக்காரர் கை கட்டி நிற்பார், திரையில் படம் திக்கித் திணறும். புதிய பெரிய விளையாட்டுகள் சிலவற்றுக்கு 8 ஜி.பி. பட்டறை இப்போதே போதவில்லை.

வேகத்தில் இன்டெல் பொதுவாக மற்ற இரண்டுக்கும் சற்றுப் பின்னால்தான். ஆனால் 5060-ஐவிடப் பட்டறை பெரிது. என்விடியா ஒரு ஜாலமும் செய்கிறது: வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே தானாகவே சில படங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. கண்ணுக்கு ஓட்டம் கூடும். ஆனால் நாம் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் உள்ள தாமதம் அதனால் குறையாது.

கடற்காற்றின் கைவரிசை

சிநேகிதன் வீடு கடலுக்கு மிக அருகே. அப்பா சிற்பி. வாசலில் கல் பட்டறை, உள்ளே ஜன்னலோரம் கம்ப்யூட்டர். ஜன்னல் வழியே வீசிய காற்று சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் எமன் என்று அப்புறம் தெரிந்தது.

செத்துப் போன கார்டை என் கையில் கொடுத்தான். ஆணிகளில் துரு. செப்புப் பகுதிகளில் கோயில் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. கார்டின் விசிறிகள் ஓயாமல் காற்றை இழுக்கின்றன. அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் தூசியும் உள்ளே போகின்றன. எந்தக் கம்பெனிக் கார்டானால் என்ன, கடலுக்குப் பாரபட்சம் கிடையாது. கல்லால் கட்டிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்களையே முகம் தெரியாமல் தேய்த்த காற்றல்லவா அது? கோயிலைச் சுற்றிச் சவுக்கு மரம் நட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். கார்டுக்கு யார் சவுக்கு நடுவது?

பையனின் மனம் மாறியது இங்கேதான். சிநேகிதனுக்கும் புதுக் கார்டு வாங்க ஆசை. அப்பாவின் சிற்பங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க வேண்டுமாம். "அவனுக்கு எது மாமா பொருந்தும்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தான். 2017-இல் வாங்கிய பழைய இயந்திரம். கணக்குப் போடப் போட அவன் முகம் சுருங்கியது.

இன்டெல் கார்டு முழு வேகத்தில் ஓட 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் வேண்டும். இதில் இல்லை. பிராசஸரையும் அது அதிகம் வேலை வாங்கும், பழைய ஸ்தபதி மூச்சு வாங்குவார். 5060 மதர்போர்டோடு எட்டு தடப் பாதையில்தான் பேசும். பழைய போர்டில் அந்தப் பாதையின் வேகமும் குறைவு. 8 ஜி.பி. நிரம்பிக் குவாரிக்கு ஓடும்போது வண்டிகள் நெரிசலில் நிற்கும். 9060 எக்ஸ்.டி.க்குப் பதினாறு தடம். ஆக, இந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும். அதுவும் கம்ப்யூட்டரை ஜன்னலைவிட்டு உள்ளறைக்கு மாற்றிய பிறகு!

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சிற்பி சிரித்தார். இரண்டு உளிகளை எடுத்துக் காட்டினார்.

"இது கருங்கல்லுக்கு, இது மாக்கல்லுக்கு. எந்த உளி நல்லதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது சார்? எந்தக் கல்லுன்னு முதல்லே சொல்லுங்க."

பல்லவர்களும் அப்படித்தானே செய்தார்கள்? குன்றின் பக்கவாட்டில் குகை மண்டபம் குடைந்தார்கள். தனிப் பாறை நின்ற இடத்தில் ரதம் செதுக்கினார்கள். கடலோரத்தில் கல் அடுக்கிக் கோயில் கட்டினார்கள். மூன்றில் எது உயர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

தீர்ப்பு

திரும்பும் பஸ்ஸில் பையன் வெகுநேரம் பேசவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "நம் வீட்டுக் கல்லைப் பார்க்கணும் மாமா" என்றான்.

பார்த்தோம். இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய இயந்திரம். புதிய பிராசஸர், ரீசைசபிள் பார் உண்டு, 650 வாட் பவர் சப்ளை உண்டு, கடலிலிருந்து தூரமும் உண்டு. மாமல்லபுரத்து வீட்டுக்குப் பொருந்தாத இன்டெல் பி580 செங்கற்பட்டு வீட்டுக்குப் பொருந்தியது! 5060-ஐவிட 45 வாட் அதிகம் தின்னும். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத பில்லில் 11 யூனிட் கூடும். "மூணு மணி நேரமா குறைச்சுக்கறேன்" என்றான். தவணைப் பேச்சை அவனே எடுக்கவில்லை. மீதி வந்த சில்லறைப் பணத்தை அம்மாவிடமே கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மனு வந்திருந்தால், கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டு எந்த வருஷம், பவர் சப்ளை எத்தனை வாட், திரை எவ்வளவு பெரிது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பாதித் தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அதெல்லாம் சரிடா. இதை வாங்கிக் கொடுத்தா படிப்பானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கார்டை எந்தக் கம்பெனியும் இன்னும் தயாரிக்கவில்லை. கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன்!