இரவல் ஒப்பாரி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறந்த அன்றுதான் அம்மா என் அண்ணனுக்காக ஒப்பாரி வைத்தார். அண்ணன் காணாமல்போய் அதற்குள் பல வருடங்கள் ஓடியிருந்தன.

பந்தலில் சம்பங்கி மாலையும் ஊதுபத்தியும் சேர்ந்த மணம். வாசலில் பறை. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓரமாக நின்ற அம்மாவை ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்தார்: "வா கண்ணு, உனக்குந்தான் இருக்கும் அழுவறதுக்கு. உக்காரு." முதலில் அம்மாவுக்குத் தொண்டை திறக்கவில்லை. பிறகு, "என்ரை ராசா" என்று எடுத்தார். ராகம் வேறு, சொல் வேறு. ஆனாலும் சேலத்துப் பெண்கள் கூடவே இழுத்தார்கள். யாருக்காக அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழவு வீட்டில் அவரவர் சாவைத்தானே அவரவர் அழுகிறோம்.

ஒப்பாரிக்கு எதிரே ஓர் உடல் கிடக்க வேண்டும். அதன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், ஏச வேண்டும். காணாமல்போனவனுக்கு எப்படிப் பாடுவது? பாடினால் அவன் செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அம்மா வாயைப் பூட்டிக்கொண்டார்.

யாழ்ப்பாணம், 1995 அக்டோபர் 30. ஒலிபெருக்கி அறிவித்தது, ஊர் முழுக்க வெளிக்கிட்டது. மழை, இருட்டு, செம்மணி வெளி, ஒற்றைத் தெரு, லட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பாலம் வரை நகரவே முடியாத நெரிசல், ஆச்சியைச் சைக்கிள் கரியரில் வைத்து அண்ணன் தள்ளுகிறான், குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் குடிக்கிறோம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பினோம். ஒரு நாள் காலை அண்ணன் அரிசி வாங்கப் போனான். சைக்கிளும் வரவில்லை. பிறகு படகு, மண்டபம், சேலம் மாவட்டத்து முகாம்.

சித்தியின் பையில் 'சொல்லாத சேதிகள்' இருந்தது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் கொண்டுவந்த சின்னக் கவிதைத் தொகுப்பு. ஊர்வசி, ஔவை, சங்கரி, மைத்ரேயி, சிவரமணி. ஓரம் அரித்துப்போன அந்தத் தாள்களை முகாமின் தகரக் கூரைக்குக் கீழே, மண்ணெண்ணெய் வாடையோடு படித்தேன். சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர். அதே ஆண்டு ஓகஸ்டில் பல்கலைக்கழக மாணவி செல்வியைப் புலிகள் கொண்டுபோனார்கள். அவரும் கவிஞர். அந்த வீட்டுக்கும் உடல் வரவில்லை.

பெண்மொழி என்றெல்லாம் விமர்சகர்கள் எழுதுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு அதில் கேட்டது அம்மாவின் அடைத்த தொண்டை. வாய்விட்டு அழ விடாத காலத்தில் அந்தப் பிள்ளைகள் தாளில் அழுதார்கள். ராகம் இல்லை, மாரடிப்பு இல்லை. வரிகள் சட்டென்று அறுந்து நிற்கும். அம்மா அவற்றைப் படித்ததேயில்லை.

2025இல் செம்மணிப் புதைகுழியை மறுபடி தோண்டினார்கள். நாங்கள் மழையில் நடந்த அதே வெளி. ஒரு குழந்தையின் எலும்புகளோடு பள்ளிக்கூடப் பை கிடைத்தது. ஓகஸ்டில் கண்டெடுத்த பொருட்களை உறவினர் அடையாளம் காட்டுவதற்காகப் பார்வைக்கு வைத்தார்கள். எங்களால் போக முடியவில்லை. இப்போது நல்லூரில் இருக்கும் சித்தியிடம் அம்மா போனில் சொன்னார்: "கட்டம் போட்ட சேட்டு, தங்கச்சி. நாலாவது பொத்தான் மட்டும் வெள்ளை. நான்தான் தைச்சனான். வடிவாப் பார்."