கருப்பியின் மடி

ஐப்பசி பிறந்துட்டா எங்க கோத்தகிரிப் பக்கம் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். கொட்டகை காயவே காயாது. பால் ஆடு வச்சிருக்கிறவங்களுக்கு மடிநோய் பயம் வர்ற காலம் இதுதான்.

மாட்டுக்கு ஒரு காம்பு போனாலும் மிச்சம் மூணு இருக்கு. ஆட்டுக்கு இருக்கிறதே ரெண்டு. ஒண்ணு போனா பாதிப் பால் போச்சு.

ஈரத் தரை மட்டும் காரணமில்லைங்க. கவாத்து பண்ணின தேயிலைக் காட்டுக்குள்ள ஆடு இறங்கினா, வெட்டின குச்சி முனை தொங்குற மடியைக் கீறிடும். உண்ணிச்செடி முள்ளும் அப்படித்தான். அந்தக் கீறல்ல கிருமி புகுந்துக்கும். இன்னொண்ணு, காசு அவசரத்துக்குப் பால் குடிக்கிற குட்டிகளை ஒரே நாள்ல வித்துடுறாங்க. கறக்கவும் ஆள் இருக்காது. பால் கட்டின மடியில நோய் சுலபமாப் பிடிக்கும்.

போன கார்த்திகையில எங்க கருப்பி ரெண்டு குட்டி போட்டுது. ஆறாம் நாள் இடது பக்கம் குட்டி முட்டினா காலைத் தூக்கி உதைக்குது. தொட்டா சூடு, கல்லு மாதிரி. கறுப்புத் துணி மேல ரெண்டு பீச்சு பீச்சினேன், திரிதிரியா வந்துச்சு. (வெள்ளைத் துணியில இது தெரியாது.) டாக்டருக்குப் போன் போட்டா, ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்கு, நாளைக்குத்தான் வர முடியும்னார்.

அதுவரைக்கும் கைவைத்தியம். பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஐயா விவசாயிகள்கிட்ட பரப்பின மருந்துதான்: சோத்துக் கத்தாழை 250 கிராம், மஞ்சள் பொடி 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அது மாட்டுக்கு, நான் கால் பங்கு அரைச்சேன். பாலை முழுசாப் பீச்சி, மடியைக் கழுவிட்டு, கலவையைத் தண்ணியில கரைச்சுப் பூசணும். நாளைக்குப் பத்து தடவை, அஞ்சு நாள். ராத்திரி நானும் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி எழுந்திரிச்சோம்.

மடி சூடா இருக்கேன்னு நான் பயப்படலை, ஜில்லுனு ஆயிடுமோன்னுதான் பயம். குளிர்ந்து நீலம் பாரிச்சுட்டா உள்ள சதை செத்துப்போச்சுன்னு அர்த்தம். பக்கத்து லைன்ல ஒரு அக்காவோட ஆடு சாயந்திரம் நல்லா மேஞ்சுட்டு வந்துச்சு, மறுநாள் மத்தியானம் இல்லை. அப்படி நிறம் மாறினா கத்தாழையை அரைச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, ஆட்டைத் தூக்கிட்டு ஓடணும்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, காம்பு வழியா ட்யூப் மருந்தும் ஏத்தினார். மருந்து முடிஞ்சும் அவர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை டீக்குக்கூட எடுக்கலை. கருப்பியைக் கடைசியாத்தான் கறந்தோம், இல்லாட்டி நம்ம கையாலயே மத்த ஆட்டுக்கும் பரவிடும். குட்டிகளுக்கு வேற ஆட்டுப் பாலைப் புட்டியில குடுத்தா வீட்டுக்காரி.

ஆடு பிழைச்சுது. இடது மடி மட்டும் வத்திச் சுருங்கிடுச்சு. வியாபாரி ரெண்டு தடவை வந்து, ஒத்தை மடி ஆட்டை வச்சு என்னண்ணா பண்ணப் போறீங்கன்னு விலை பேசினார். கணக்குப் பார்த்தா அவர் சொன்னது சரிதான். வீட்டுக்காரி கயித்தை விடலை.

இப்ப மறுபடியும் சினை. இந்தத் தடவையும் ரெட்டைக் குட்டின்னா ஒண்ணுக்குப் புட்டிதான். அதைக் கழுவி எடுத்து வச்சாச்சு.