துணைக்கருவிகள்

மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் கருவியும் ஒன்று. அதனை முதற்கருவி என்றும் துணைக்கருவி என்றும் இரண்டாகப் பகுத்துக் காட்டுவர் உரையாசிரியர். குடமாகவே மாறிவிடும் மண் முதற்கருவி. குடம் உருவாகத் துணைநின்று பின் விலகிக்கொள்ளும் சக்கரம் துணைக்கருவி. ஆண்டுதோறும் இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது, குயவரின் சக்கரத்தோடு என் அத்தா தம் கையால் செய்துகொண்ட சில கருவிகளும் என் நினைவுக்கு வருவதுண்டு.

அத்தா வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடர் அவருடையது. வண்டி பட்டறையில் நின்றால் அன்றைய வருவாயும் நிற்கும். கூலியும் கொடுத்தாக வேண்டும். ஆதலின் எஞ்சின் பழுதுகளை வீட்டு முற்றத்திலேயே பார்க்கப் பழகிக்கொண்டார். விலையுயர்ந்த கருவிகளை வாங்க வசதியில்லை. எனவே, ஒரு கருவி என்ன செய்கிறது என்று முதலில் ஆராய்வார். அச்செயலைச் செய்யவல்ல எளிய பொருள் வீட்டில் உண்டா என்று பின்னர்த் தேடுவார்.

அவர் செய்தவற்றுள் தலையாயது சோதனை விளக்கு. சிறிய 12 வோல்ட் பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர்கள், அவ்வளவே. ஒரு முனையை எஞ்சினின் இரும்புப் பகுதியிலும், மறுமுனையை இக்னிஷன் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் சேரும் இடத்திலும் இணைப்பார். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுவார். பாயிண்ட் மூடியிருக்கும்வரை விளக்கு எரியாது. திறந்த கணத்தில் எரியும். தீப்பொறி பிறக்கும் கணமும் அதுவே. டைமிங் சரிபார்க்க அவருக்கு அந்தப் பல்பு போதுமானதாக இருந்தது.

ஓடும் எஞ்சினுள் ஓசை எங்கே எழுகிறது என்றறிய, நீண்ட மூங்கில் குச்சியின் ஒரு முனையை எஞ்சின்மீதும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்பார். ஃபேனுக்கு அருகில் மட்டும் அக்குச்சி செல்லாது. கை நுழையாத இடத்தில் பிளக்கை மாட்ட, பெட்ரோல் ரப்பர்க் குழாயின் ஒரு துண்டை அதன் தலையில் செருகித் திருகுவார். மரை கோணலாகப் பிடித்தால் ரப்பர் வழுக்கிவிடுமேயன்றி, மரை கெடாது.

2003ஆம் ஆண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேடு அளிக்கக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தன. எஞ்சின் ஆயில் மோர்போல் வெளுத்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பட்டறையில் கேட்ட தொகைக்கும் என் கட்டணத்திற்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டில் ஒன்றுக்கே கையில் பணம் இருந்தது. "அடுத்த ஆண்டு கட்டிக்கொள்கிறேன், அத்தா" என்றேன். "உன் வேலையை நீ பார், தம்பி; என் வேலையை நான் பார்க்கிறேன். மாலையில் மட்டும் துணைக்கு வா" என்றார்.

ஓர் அட்டையில் எட்டுத் துளைகளிட்டு எண் எழுதி, கழற்றிய புஷ் ராடுகளை வரிசை மாறாமல் அதில் செருகி வைத்தார். இறுதியில் ஹெட் நட்டுகளைக் குறித்த விசையில் முறுக்க வேண்டும். அதற்குரிய டார்க் ரெஞ்ச் எங்களிடம் இல்லை. பழைய பேப்பர் வாங்கும் கடைக்காரரிடம் சுருள்வில் தராசு ஒன்றை இரவல் பெற்று வந்தார். கணக்கு எளியது. 5 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை வேண்டுமெனின், நட்டின் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கைப்பிடியில் தராசைக் கொக்கியிட்டு, செங்கோணத்தில் 10 கிலோ காட்டும்வரை இழுத்தால் போதும். கையேட்டில் கண்ட அளவை இவ்வாறே பகுத்துக்கொண்டோம். அவர் இழுத்தார், நான் முள்ளைப் படித்தேன். நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே முறையில் இறுக்காமல் படிப்படியாக இறுக்கினார். நான்காம் நாள் வண்டி வாடகைக்குச் சென்றது. அவ்வாரமே கட்டணமும் கட்டப்பட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளரை அடுத்து அத்தாவின் பெயரை எழுதினேன்.

ஒன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். கேஸ்கட்டையும் ஆயிலையும் அத்தா புதிதாகவே, தரமானதாகவே வாங்கினார். அவை எஞ்சினோடு ஒன்றாகிவிடும் முதற்கருவிகள். சிக்கனம் துணைக்கருவியோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர் விதி. அவ்விதிக்கும் ஒரு புறனடை உண்டு. செங்கல் அடுக்கின்மேல் நிறுத்திய வண்டி சரிந்து ஒருவர் கால் நசுங்கியதை இளமையில் கண்டவர் அவர். ஆகையால் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளை மட்டும் விலைக்கு வாங்கினார். ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் சென்றதில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் கார்புரேட்டரும் இல்லை; பாயிண்டும் இல்லை. அந்தப் பழைய சோதனை விளக்கை இக்கால எஞ்சினின் கணினிப் பெட்டியோடு இணைந்த ஒயர்களில் வைத்தல் தகாது. அது இழுக்கும் மின்னோட்டத்தால் மின்னணுச் சுற்றுகள் பழுதாகலாம். கருவிகள் மாறிவிட்டன. ஆயினும், 'இக்கருவி என்ன செய்கிறது?' என்று அத்தா கேட்ட கேள்வி இன்றும் பயன்படுவதே.

கருத்தாவையும் இலக்கணம் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாக்குகிறது. கற்றவர் ஏவுவோராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. விடுமுறை நாளில் கிரீஸ் படிந்த கையோடு நின்ற என்னிடம், "பேராசிரியருக்கு இது தேவையா?" என்று அன்போடு கேட்ட பெரியவர்களும் உளர். என் பட்டம் இயற்றுதற் கருத்தா ஒருவரின் உழைப்பால் வந்தது என்பதே அவர்களுக்கு என் பணிவான விடை.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லங்களிலும் தறியோ உளியோ ஸ்பேனரோ பிடிக்கும் கைகள் இருக்கும். அடுத்த விடுமுறையில் அவர்களருகே அமர்ந்து, அவர்தம் கருவிகளின் பெயர்களையும் அவை செய்யும் வேலையையும் கேட்டு எழுதி வாருங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் பல அங்கே கிடைக்கும். அவற்றைத் தொகுப்பதும் தமிழ்த்துறையின் கடமையே.